புதுப்பேட்டையில் ஒரு பகல்

சென்னைப் பட்டணத்தில் ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு பேட்டை உண்டு என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. புடவைக்குத் தியாகராய நகர். கல்யாணப் பத்திரிகைக்குப் பாரிமுனைப் பக்கத்துச் சந்துகள். கறிகாய்க்குக் கொத்தவால் சாவடி என்று இருந்தது, 1996-இல் அது கோயம்பேட்டுக்குக் குடிபெயர்ந்தது. பழைய புத்தகத்துக்கு மூர் மார்க்கெட் இருந்தது, 1985-இல் அதை நெருப்புக் கொண்டுபோயிற்று. இத்தனை இடங்களிலும் பேரம் பேசித் தேர்ந்தவர்கள் நம் குடும்பத் தலைவிகள். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் கால் வைத்தே இராத பேட்டை ஒன்று எழும்பூருக்கும் கூவத்துக்கும் நடுவில் இருக்கிறது. பெயர் புதுப்பேட்டை. பெயரில்தான் புதுசு, அங்கே விற்பதெல்லாம் பழசு!

2006-இல் அந்தப் பெயரில் ஒரு சினிமா வந்தாலும் வந்தது, புதுப்பேட்டை என்றாலே கத்தியும் ரத்தமுமாக ஜனங்களுக்கு நினைவு வருகிறது. நான் அங்கே கழித்த ஒரு பகல் முழுவதும் பார்த்த ஆயுதம் ஸ்பேனரும் சுத்தியலும்தான். மோட்டார் கார்களைப் பிரித்து, பிரித்ததை விற்று, விற்றதை இன்னொரு காரில் மாட்டிக் கொடுக்கும் இடம் அது.

'எங்களுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?' என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள். இப்போதெல்லாம் பல வீடுகளில் காரை ஓட்டுகிறவர் அம்மா. குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் விட்டு, ஆபீஸுக்குப் போய், வரும்போது மளிகையையும் டிக்கியில் போட்டுக்கொண்டு வருகிறவர் அம்மா. ஆனால் மெக்கானிக் முன்னால் போய் நின்றால் மட்டும், "ஸாரை வரச் சொல்லுங்க, அவர்கிட்டப் பேசிக்கிறேன்" என்ற பதில் வருகிறது. அந்த ஸாருக்கோ, பெட்ரோல் மூடி எந்தப் பக்கம் என்பதே சந்தேகம்!

புதுப்பேட்டைக்குள் நுழையுமுன், அதன் சம்பந்தி வீட்டை ஒரு நடை பார்த்துவிடுவது நல்லது. அண்ணா சாலை என்று இன்று பெயர் பெற்ற மௌண்ட் ரோடிலிருந்து ராயப்பேட்டைப் பக்கம் பிரிகிறதே, ஜெனரல் பாட்டர்ஸ் ரோடு, அதுதான். இங்கே எல்லாம் புதுச் சாமான். இரண்டு பக்கமும் கடைகள். கடைக்குள் கூரை வரை அட்டைப் பெட்டிகள். கௌண்டரில் இருப்பவர் முகத்தை நிமிர்த்தாமலே நாலு கேள்வி கேட்பார்: "என்ன வண்டி? என்ன மாடல்? எந்த வருஷம்? பெட்ரோலா, டீசலா?" இதற்குப் பதில் சொல்லத் தெரிந்துவிட்டால் நீங்கள் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. ஆர்.சி. புத்தகத்தைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் உள்ள சேஸிஸ் நம்பரைச் சொன்னால் தப்பான சாமான் வருவது அபூர்வம். கழற்றிய பழைய பாகத்தையும் கையோடு கொண்டுபோனால் இன்னும் சிலாக்கியம். மேட்சிங் ரவிக்கைத் துணிக்குப் புடவையைக் கொண்டுபோகிறோமே, அந்த மாதிரி.

ஒரே சாமான் மூன்று விலையில் இருப்பதைக் கண்டு மலைக்க வேண்டாம். கார் கம்பெனிகள் எல்லாப் பாகத்தையும் தாங்களே செய்வதில்லை. பிரேக், விளக்கு, கிளட்ச் எல்லாம் வேறு தொழிற்சாலைகளிலிருந்து வருகின்றன; 1960-களில் நம் பாடியிலும் அம்பத்தூரிலும் எழும்பிய தொழிற்சாலைகளே அதில் பெயர் வாங்கியவை. கார் கம்பெனியின் பெட்டியில் வந்தால் ஒரு விலை. அதைச் செய்த தொழிற்சாலையின் சொந்தப் பெட்டியில் வந்தால் பெரும்பாலும் கொஞ்சம் குறைச்சல். மூன்றாவது, இவை இரண்டின் பெட்டியையும் காப்பியடித்த டூப்ளிகேட். எழுத்து மங்கியிருக்கும், விலைச் சீட்டு சாய்ந்து ஒட்டியிருக்கும், பில் கேட்டால் கடைக்காரர் முகம் மாறும். பில்லோடு வாங்குங்கள், அதைவிடப் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை.

மௌண்ட் ரோடைக் கடந்து, கூவத்தின் பாலத்தையும் கடந்தால் புதுப்பேட்டை. மூக்குக்குக் கூவம் முதலில் தெரியும். அப்புறம் கிரீஸும் கருகிய இரும்பும் அதை ஜயித்துவிடும். கார்க் கதவுகள் அப்பளம் அடுக்கினாற்போல் சுவரோரம் சாய்ந்து நிற்கின்றன. பம்பர்கள் தலைக்கு மேல் தொங்குகின்றன. ஹெட்லைட்டுகள் குவியலாக உட்கார்ந்து நம்மையே முறைக்கின்றன. நடைபாதையில் கழற்றிப் போட்ட ஸீட்டுகளில் ஜனங்கள் சாய்ந்துகொண்டு டீ குடிக்கிறார்கள். ஆகா, என்ன சொகுசு!

ஒரு கார் இங்கே எப்படிக் கரைகிறது என்பதை ஒரு மூலையில் நின்று பார்த்தேன். முதலில் பாட்டரி. பிறகு கண்ணாடி, ஸீட், கதவு, பானெட். அதற்குப்பின் எஞ்சினும் கியர் பாக்ஸும் சங்கிலியில் தொங்கி இறங்குகின்றன. ஒயரைச் சீவித் தாமிரம் தனி. எஞ்சினில் தேறாதது உருக்குவதற்கு அலுமினியமாகத் தனி. மிச்சக் கூட்டைக் காஸ் கட்டர் கொண்டு அறுத்து, இரும்பாக எடை போட்டுவிடுகிறார்கள். தேங்காயில் நார், சிரட்டை, பருப்பு என்று ஒன்றும் வீணாகாதே, அப்படி.

இந்தச் சந்தையின் பழைய புள்ளி ஒருவர், எழுபதைத் தாண்டியவர். எல்லோரும் "பாய்" என்கிறார்கள்; நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம். கதவு, கண்ணாடி, விளக்கு இவற்றில் பழசு விற்பது அவர் வியாபாரம். "நான் சின்னப் பையனா வந்தப்போ மூணே வண்டிதான் ஸார். அம்பாஸடர், பியட், ஹெரால்டு" என்றார். வாஸ்தவம். கல்கத்தாப் பக்கத்து உத்தரபாராவிலிருந்து அம்பாஸடர், பம்பாயிலிருந்து பியட், நம் பெருங்களத்தூர்த் தொழிற்சாலையிலிருந்து 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. காருக்குப் பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்த காலம் அது. புதுக் காரே கிடைக்காதபோது பழைய காரின் பாகத்துக்கு மதிப்பு இல்லாமல் இருக்குமா? அந்தப் பஞ்சத்தில் வளர்ந்த பேட்டை இது. 1983-இல் மாருதி வந்தது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஸான்ட்ரோ வந்தது. 2014-இல் அம்பாஸடரே நின்றுபோயிற்று. பேட்டை நிற்கவில்லை. 2021-இல் போர்டு கம்பெனி இந்தியாவில் கார் செய்வதை நிறுத்தப் போவதாக அறிவித்து, மறு வருஷம் மறைமலை நகர்த் தொழிற்சாலையும் ஓய்ந்ததே, அந்தக் காருக்கு டிக்கிக் கதவு தேடி வந்த ஒரு தம்பதியை அன்றைக்குப் பாயின் கடையில் பார்த்தேன்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. உங்கள் பழைய காரை இங்கே விற்று, பணத்தை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு வந்துவிடாதீர்கள். கார் போனாலும் அதன் நம்பர் உங்கள் பெயரிலேயே இருக்கும். அந்த நம்பரை யாராவது திருட்டு வண்டிக்கு மாட்டிக்கொண்டால் போலீஸ்காரர் தட்டுவது உங்கள் வீட்டுக் கதவைத்தான். வண்டியை உடைக்க என்று பதிவு பெற்ற நிலையங்களுக்கு 2021-இல் சட்டவிதிகள் வந்திருக்கின்றன. அங்கே கொடுத்தால் அத்தாட்சிப் பத்திரம் தருவார்கள். அதை வைத்து ஆர்.டி.ஓ. ஆபீஸில் பதிவை ரத்து செய்துவிடலாம்.

பாயின் கடையை ஒட்டிய சந்தில் ஒரு தகரக் கொட்டகை. அங்கேதான் அந்த டீச்சரம்மாளைச் சந்தித்தேன். ஓய்வு பெற்ற கணக்கு உபாத்தியாயினி, வயது அறுபத்தாறு. கழற்றிப் போட்ட ஒரு கார் ஸீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து, மடியில் நாற்பது பக்க நோட்டு ஒன்றை வைத்திருந்தார். எதிரே 2009-ஆம் வருஷத்து வாகன் ஆர், பின் சக்கரங்கள் கழன்று, முட்டுக் கட்டைமேல் நின்றது.

அவர் கணவருக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிஸிஸ். காலை ஆறு மணிக்கு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். திரும்பி வரும்போது சில நாள் பிரஷர் இறங்கிவிடும், வாந்தி வரும். "டாக்ஸியில ஒரு நாள் அப்படி ஆயிடுச்சு. அந்த டிரைவர் சொன்ன வார்த்தையை அவர் இன்னும் மறக்கலை" என்றார். அதற்கப்புறம் சொந்தக் கார்தான். பதினைந்து வருஷம் முடிந்து, 2024-இல் பதிவை இன்னும் ஐந்து வருஷத்துக்குப் புதுப்பித்திருந்தார். இப்போது பிரேக் மிதி பஞ்சு மாதிரி இறங்க ஆரம்பித்திருந்தது. நாளை வியாழக்கிழமை, ஆஸ்பத்திரி நாள்.

முதலில் அவர் போனது ஒரு பெரிய சர்வீஸ் நிலையத்துக்கு. பெயர் வேண்டாம், கண்ணாடிக் கட்டடம், ஏ.ஸி., உட்கார்ந்ததும் காப்பி. இரண்டு பக்கத்துக்கு எஸ்டிமேட் அடித்துக் கொடுத்தார்களாம்: முன்பக்க டிஸ்க், பாடு, மாஸ்டர் சிலிண்டர், பின்பக்கச் சிலிண்டர், ஷூ என்று எல்லாமே புதுசு, 28,000 ரூபாய். கூடவே, "இந்த வண்டிக்கு இவ்வளவு செலவழிப்பதைவிடக் கொடுத்துவிட்டுப் புதுசு வாங்கலாமே, மேடம்" என்று ஒரு இலவச யோசனை. அவர்கள் ஏமாற்றினார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். எல்லாவற்றையும் மாற்றிவிட்டால் அவர்களுக்குப் பொறுப்பு விட்டது. ஆனால் எது கெட்டது, எப்படிக் கெட்டது என்று அந்த அம்மாளைக் கூப்பிட்டு ஒரு தரம்கூடக் காட்டவில்லை. பணம் கேட்பதற்கு முன்னால் காட்ட வேண்டியது மரியாதை அல்லவா?

அம்மாள் வண்டியைக் கட்டி இழுத்து வரச் செய்து இந்தக் கொட்டகையில் விட்டிருந்தார். மெக்கானிக் நாற்பது வயதுக்காரர். ஸ்பேனரைத் தொடுமுன் அவர் கேட்ட கேள்விகளைக் கவனியுங்கள்.

"மிதி ஒரேயடியா இறங்குதாம்மா, மெள்ள இறங்குதா?"

"மெள்ளத்தான், தம்பி."

"ரெண்டு தரம் பம்ப் பண்ணினா கெட்டியாகுதா?"

"ஆகுது. ஆனா சிக்னல்ல நிக்கறப்போ மறுபடி இறங்குது."

"ஆயில் குறையுதா?"

அம்மாள் நோட்டைப் பிரித்தார். பிரேக் ஆயில் டப்பாவில் மேல் கோட்டில் இருந்த மட்டம் ஒரு மாதத்தில் எவ்வளவு இறங்கியது என்று தேதி போட்டு எழுதியிருந்தார்! மெக்கானிக் சிரித்துவிட்டார். "இவ்வளவு சொன்னா பாதி ரிப்பேர் முடிஞ்சுதும்மா. ஆயில் குறையுதுன்னா எங்கேயோ வெளியிலதான் ஒழுகுது."

பிரேக்கில் மாயமந்திரம் ஒன்றும் இல்லை. நாம் மிதியை அழுத்தினால், ஊசி போடும் சிரிஞ்சியில்போல, குழாய்களில் உள்ள எண்ணெய் தள்ளப்பட்டு நாலு சக்கரத்தையும் பிடிக்கிறது. எண்ணெய் அமுங்காது, அதனால் மிதி கெட்டியாக இருக்கிறது. ஒழுகிக் குறைந்து காற்றுப் புகுந்தால், காற்று அமுங்கும்; மிதி பஞ்சாகும். இன்னொரு குறையும் உண்டு. அந்த எண்ணெய், மழைக்காலத்து உப்பு ஜாடிமாதிரி, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். ஈரம் சேர்ந்த எண்ணெய் சூட்டில் கொதித்துக் குமிழி விடும், உள்ளே இரும்பையும் அரிக்கும். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும் என்பது அதனால்தான். எஞ்சின் ஆயிலை மாற்றும் பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

இடது பின் சக்கரத்தின் டிரம்மைக் கழற்றியதும் குற்றவாளி அகப்பட்டுக்கொண்டான். உள்ளே இருக்கும் கட்டைவிரல் பருமன் சிலிண்டரின் ரப்பர் வாஷர் நைந்து, எண்ணெய் கசிந்து, பிரேக் ஷூவெல்லாம் நனைந்திருந்தது. மெக்கானிக் அம்மாளைக் கூப்பிட்டு விரலால் தொட்டுக் காட்டினார். பிறகு முன் சக்கரத்துப் பாடுகளைக் காட்டினார். இன்னும் பாதிக்குமேல் தேயாமல் இருந்தன. பின்பக்கம் இரண்டு சிலிண்டர், இரண்டு பக்கத்துக்கும் ஷூ, புது எண்ணெய், அவ்வளவே போதும் என்றார். "வலது பக்கம் நல்லாத்தானே இருக்கு?" என்று அம்மாள் கேட்டார். "ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் பழசுன்னா பிரேக் பிடிச்சதும் வண்டி ஒரு பக்கமா இழுக்கும்மா. ஜோடியாத்தான் மாத்தணும்."

அப்போதுதான் பக்கத்துக் கடைப் பையன் ஒருவன் வந்து சேர்ந்தான். "அம்மா, செகண்ட்ஸ்ல முழு செட்டே இருக்கு. டிரம், சிலிண்டர், ஷூ எல்லாம் சேர்த்துக் கால் விலை. புது மாதிரி இருக்கும்." கொண்டுவந்து காட்டவும் செய்தான். துடைத்துப் பளபளவென்றுதான் இருந்தது. அம்மாள் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பென்ஷன் பணம், மருந்துக் கடைப் பாக்கி. மனசு தடுமாறுவது முகத்தில் தெரிந்தது. "என்ன தம்பி, இதைப் போடலாமா?"

மெக்கானிக் தலையை ஆட்டினார். "கதவு கேளுங்க, பழசு போடறேன். கண்ணாடி, லைட்டு, ஸீட்டு, எது கேட்டாலும் பழசு போடறேன். பிரேக்கு மட்டும் பழசு போட மாட்டேம்மா. வேணும்னா வேற ஆளைப் பாருங்க."

பழசு விற்றே வீடு கட்டிய பாயும் அதை ஆமோதித்தார். "இரும்பு கண்ணுக்குத் தெரியும், உள்ளே ரப்பர் எத்தனை வருஷமாக் காஞ்சு கிடக்குன்னு யாருக்கம்மா தெரியும்?" என்றார். பிரேக் மட்டுமல்ல, ஸ்டீரிங் மூட்டுகள், டயர், ஸீட் பெல்ட், ஏர் பாக் இவற்றில் எதையும் பழசாக வாங்கக் கூடாதாம். புதுப்பேட்டையிலிருந்து நான் கொண்டுவந்த பாடங்களில் இதற்குத்தான் முதல் மார்க்கு. கெட்டுப்போனால் அழகு குறையும் பாகம் பழசாக இருக்கலாம். கெட்டுப்போனால் ஆள் குறையும் பாகம் பழசாக இருக்கலாகாது.

ஒரு பையனை ஜெனரல் பாட்டர்ஸ் ரோடுக்கு அனுப்பினார்கள். அவன் வரும்வரை டீயும் பேச்சும்.

"ஏ.ஸி.யில் குளிர்ச்சி இல்லை என்றால் 'காஸ் போயிடுச்சு' என்று வருஷா வருஷம் நிரப்புகிறார்களே, பாய்?" என்று கேட்டேன். "அது அடுப்புக் காஸா ஸார், எரிஞ்சு தீர?" என்றார். ஏ.ஸி.யின் காஸ் மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. சீக்கிரமே குறைந்தால் எங்கோ ஒழுக்கு இருக்கிறது என்று அர்த்தம். ஒழுக்கைக் கண்டுபிடிக்காமல் நிரப்பினால், ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடித்த கதைதான். 'ஒழுக்கு எங்கே?' என்ற ஒரு கேள்வியை நீங்கள் கேட்டுப் பாருங்கள்.

டயர் வாங்கும்போது பக்கவாட்டில் நாலு இலக்க எண் ஒன்றைப் பார்க்கச் சொன்னார். 2319 என்றிருந்தால் 2019-ஆம் வருஷத்து 23-ஆவது வாரத்தில் செய்தது. கடையில் வருஷக்கணக்காகத் தூங்கிய டயரைப் புதுசு என்று தலையில் கட்ட முடியாது. ஊறுகாய் பாட்டிலில் தேதி பார்க்கிறவர்களுக்கு இது பெரிய காரியமா?

பிறகு பேச்சு மழைக்குத் தாவியது. 2015 டிசம்பர் வெள்ளத்துக்கும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்கும் அப்புறம் வந்த கார்களைப் பற்றிச் சொல்லும்போது பாயின் குரலே இறங்கிவிட்டது. முக்கால்வாசி வண்டிகளைத் தண்ணீர் கெடுக்கவில்லையாம். தண்ணீர் வடிந்ததும் 'ஓடுகிறதா பார்ப்போம்' என்று சாவியைத் திருப்பினார்களே, அதுதான் கெடுத்ததாம். எஞ்சினுக்குள் புகுந்த தண்ணீர் அமுங்காது. பிஸ்டன் அதை முட்டி, உள்ளே இருக்கும் இரும்புத் தண்டே வளைந்துவிடும். அப்படிக் கெட்ட எஞ்சினுக்குச் சாதாரண இன்ஷூரன்ஸில் பணம் கிடைப்பதும் கஷ்டம். எஞ்சின் பாதுகாப்பு என்று தனியாகச் சேர்த்திருந்தால்தான் நிச்சயம். ஆகவே சக்கரத்துக்கு மேல் தண்ணீர் ஏறிய வண்டியில் சாவியைத் தொடாதீர்கள். பாட்டரி ஒயரைக் கழற்றச் செய்து, இழுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்த மாத்திரத்தில் வேளச்சேரிக்காரர்கள் மேம்பாலத்தின்மேல் வரிசையாகக் கார்களைக் கொண்டுபோய் நிறுத்தினார்களே, ஊர் சிரித்தது. பாய் சிரிக்கவில்லை. "படிச்ச புத்தி ஸார்" என்றார்.

பையன் வந்துவிட்டான். டீச்சரம்மாள் பெட்டிகளை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பில்லில் இருந்த பாக நம்பரைப் பெட்டியில் இருந்த நம்பரோடு ஒத்துப் பார்த்தார். பரீட்சைப் பேப்பர் திருத்துகிற பார்வை! மாட்டுகிற வேலை ஒன்றரை மணி நேரம் பிடித்தது. அது முடிந்ததும், "அம்மா, நீங்களே ஏறி உட்காருங்க. ஏர் எடுக்கணும்" என்றார் மெக்கானிக்.

தூரத்துச் சக்கரத்தில் ஆரம்பித்தார். சின்னத் திருகாணியில் ஒரு ரப்பர்க் குழாய். குழாயின் மறுமுனை ஒரு பாட்டிலில். "மிதிங்க... இன்னொரு தரம்... அப்படியே அழுத்திப் பிடிங்க... விடுங்க." ஒவ்வொரு மிதிக்கும் பாட்டிலில் குமிழிகள். எண்ணெய் முதலில் காப்பிக் கஷாயம்போல் வந்தது, பிறகு தேயிலைத் தண்ணீர், கடைசியில் தேன் நிறம். நாலு சக்கரத்துக்கும் இப்படியே. நாலாவது சக்கரம் முடிந்தபோது அம்மாள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "தம்பி, இப்போ கல்லு மாதிரி நிக்குது!" என்றார். மெக்கானிக் முதலில் தானே சந்தில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு, பிறகு அம்மாளை ஓட்டச் சொல்லித் தான் பக்கத்தில் உட்கார்ந்து போனார். வந்து இறங்கியபோது அம்மாளின் முகத்தில் காலையிலிருந்து இல்லாத களை.

சாமானும் கூலியும் சேர்த்து 4,350 ரூபாய். பேசாமல் எண்ணிக் கொடுத்தார். கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்கி, பத்திரிகைத் தாளில் பொட்டலம் கட்டி டிக்கியில் வைத்தார். இதை நீங்களும் செய்யுங்கள். பழைய பாகம் உங்கள் சொத்து, கேட்டு வாங்குவதில் கூச்சம் வேண்டாம். நோட்டில் தேதியும் கிலோமீட்டரும் பதிந்தாயிற்று. புறப்படுமுன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தவர், இடது பக்கத்துக் கண்ணாடி விரிந்திருப்பதைப் பார்த்து நின்றார்.

"இது பழசாப் போடலாமில்லே, தம்பி?"

"தாராளமாப் போடலாம்மா."

பாய் உள்ளேயிருந்து ஒன்று எடுத்துவந்து, 600 ரூபாய் என்றார். பிரேக்குக்கு ஒரு வார்த்தை பேரம் பேசாத அந்த அம்மாள், கண்ணாடிக்குக் கால் மணி நேரம் பேசினார். 350-க்கு முடிந்தது.